பதிவேட்டில் சாம்பலான மஞ்சள் கார்

கல்ஃபான் வாங்கியது வாரண்டியைத்தான். கார் அதோடு கூட வந்தது.

ராஸ் அல் கைமா நகராட்சியில் இருபத்திரண்டு வருடமாகப் பேரீச்சை மர ஆய்வாளர் அவர். மரத்தில் காதை வைத்து, உள்ளே வண்டுப் புழு அரிக்கிறதா என்று கேட்டுச் சொல்வதுதான் உத்தியோகம். அப்படிப்பட்டவருக்கு, துபாயில் யாரோ ஒருவர் ஆறு வருடம் ஓட்டி அலுத்துப்போய் விற்ற மஞ்சள் இத்தாலிக் காரின் மேல் ஆசை வந்துவிட்டது. ஆசை வந்த அன்றே பயமும் வந்தது. இரண்டு இருக்கை, தரையோடு தரையாக வயிறு, அதற்குள் ஐநூறு குதிரைகள். ஒரு குதிரை நொண்டினாலும் மருத்துவம் பார்க்கத் தன் சம்பளம் தாங்காது என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் 'ராஹா வாரண்டி நிறுவனம்' இருந்தது. ஷோரூமில் அவர் முன்னால் ஒரு புத்தகத்தை வைத்தார்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஆள், அதைப் பட்டுத் துணியிலிருந்து எடுத்தான். தோல் அட்டை, பொன் எழுத்து, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: "நீங்கள் தூங்குங்கள், நாங்கள் விழித்திருக்கிறோம்." இரண்டாம் பக்கத்திலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை எதற்கெல்லாம் விழித்திருக்க மாட்டார்கள் என்ற விவரம் இருந்தது. கல்ஃபான் முதல் பக்கத்தைப் படித்தார். கண் கலங்கக் கையெழுத்துப் போட்டார். ஒரு வருட வாரண்டி.

பிற்பாடு நிதானமாக மற்ற பக்கங்களையும் புரட்டினார். முப்பத்தெட்டு டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாட்களில் ஏற்படும் பழுதுக்கு நிறுவனம் பொறுப்பல்ல. மணல் காற்றில் கலந்துள்ள நிலப்பரப்புகளுக்குப் பொறுப்பல்ல. கடலோரத்துக்குப் பொறுப்பல்ல. இந்த மூன்றையும் கழித்தால் அந்த நாட்டில் மிச்சம் இருந்தது குளிர்காலத்தில் ஒரு பேரங்காடியின் உட்புறம் மட்டும்தான். ஆனாலும் கியர்பாக்ஸ் பற்றி எந்த விலக்கும் இல்லை என்பதை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டார். அதுதான் அந்தக் காரிலேயே விலை உயர்ந்த உறுப்பு.

கார் வீட்டுக்கு வந்த சாயங்காலம் அவர் மனைவி மௌஸா ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி மோந்து பார்த்தாள். ஊர் வழக்கப்படி, மகன் சுஹைலின் பேரை வைத்து அவர் 'பூ சுஹைல்', அவள் 'உம்மு சுஹைல்'.

"பூ சுஹைல், இதுல யாரு உக்காந்துட்டுப் போனா? சுருட்டும் பூனையும் சேர்ந்து குடித்தனம் பண்ணின மாதிரி வாடை அடிக்குது."

"பழைய கார்னா அப்படித்தான் இருக்கும்."

"அடுத்தவன் வாடையில நான் உக்கார மாட்டேன். தள்ளுங்க."

எந்த வீட்டிலும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். தூபக்காலில் கரியைச் சிவக்க வைத்து, மேலே நல்ல அகில் கட்டையில் நாலு துண்டு போட்டு, காரின் கால்மிதியில் வைத்தாள். கண்ணாடிகளை ஏற்றிக் கதவைச் சாத்தினாள். உள்ளே புகை பால் மாதிரி திரண்டது. கால் மணி கழித்துக் கதவைத் திறந்தபோது தெருவே மணத்தது. புதுச் சட்டைக்கும் வந்த விருந்தாளிக்கும் போடுகிற புகைதான் அது. கார் வந்தால் காருக்கும்.

பதினொரு மாதம் கல்ஃபான் ராஜாவாக இருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மௌஸாவை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போவார். ஐநூறு குதிரைகளையும் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி நடத்துவார். பின்னால் தண்ணீர் லாரிகள் ஹாரன் அடிக்கும்.

பன்னிரண்டாவது மாதம் காருக்குள் அவருக்குப் பழக்கமான சத்தம் ஒன்று கேட்டது. புழு அரிக்கிற சத்தம். மறுநாள் கியர் மூன்றில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வாரண்டி முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் நிறுவனம் ஒப்புக்கொண்டால் கார் ஓடும். இல்லையென்றால் வாழ்நாள் முழுக்க வாசலில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இழுவை வண்டியில் ஏற்றினால் வாரண்டி செல்லாது, கார் தன் காலாலேயே வர வேண்டும் என்றது புத்தகம். ராஸ் அல் கைமாவிலிருந்து துபாய் வரை மூன்றாவது கியரிலேயே ஓட்டிப் போனார் கல்ஃபான். ஒவ்வொரு சிக்னலிலும் கார் காய்ச்சல்காரன் மாதிரி உடம்பு உதறிக் கிளம்பியது.

நிறுவனத்தின் அலுவலகம் முப்பத்தோராவது மாடியில். விண்ணப்பப் பிரிவு அதிகாரி ரஃஅத் என்ற எகிப்துக்காரர், எழுந்து வந்து இரண்டு கையாலும் கல்ஃபானின் கையைப் பிடித்துக்கொண்டார். சாவு வீட்டில் பிடிக்கிற மாதிரி இருந்தது.

"வாங்க பாஷா, வாங்க. மொதல்ல காபி குடிங்க. பேரீச்சம்பழம் எடுத்துக்குங்க. மனசைத் தேத்திக்குங்க."

"எதுக்குத் தேத்திக்கணும்?"

"எல்லாருக்கும் தேவைப்படுது, அதான் முன்னாடியே சொல்லிடுறது."

ரஃஅத் கணினியில் வண்டி எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"பாஷா, உங்க கார் எரிஞ்சு போச்சே."

கல்ஃபான் காபிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "எப்போ? இப்பதானே கீழே நிறுத்திட்டு வந்தேன்!"

"இன்னைக்கு இல்ல பாஷா. போன வருஷம் மே மூணாம் தேதி, சாயங்காலம் அஞ்சு பன்னெண்டுக்கு. காருக்குள்ள கடும் புகை. பதினாலு நிமிஷம். இதோ, உள்ள இருக்கிற புகைக் கருவி வழியா காரே தன் கையால எழுதி அனுப்பியிருக்கு. பதினாலு நிமிஷம் புகைஞ்சா முழு நாசம்னு எங்க விதி. அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைக் குடுக்கட்டும்."

கல்ஃபான் அவரை ஜன்னல் பக்கம் இழுத்துப் போனார். கீழே, வெயிலில், மஞ்சளாக மின்னியது கார்.

"அதோ நிக்குதே, அது என்ன?"

ரஃஅத் எட்டிப் பார்த்தார். நியாயமான மனிதர்தான், கண்ணால் பார்த்ததை மறுக்கவில்லை. "பார்க்கறதுக்குக் கார் மாதிரிதான் இருக்கு. ஆனா பதிவேட்டுல அது சாம்பல். சாம்பலுக்கு எப்படி பாஷா கியர்பாக்ஸ் மாட்டுறது?"

"அது நெருப்பு இல்லைய்யா! என் வீட்டுக்காரி அகில் புகை போட்டா. நீங்க உங்க வீட்ல போடறதில்லையா?"

"போடுவோம். வாசமா இருக்கும்," என்றார் ரஃஅத் பிரியமாக. "ஆனா காருக்கு மூக்கு கிடையாதே. அதுக்குப் புகைன்னா புகைதான்."

பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். "நெருப்பு தானா பத்திக்கிட்டா அது விபத்து. விபத்துப் பிரிவுல இதுவரைக்கும் ஒருத்தரும் பிழைச்சதில்ல. ஆனா யாராவது வச்ச நெருப்புன்னா அது குற்றம். குற்றப் பிரிவுக்கு மாத்திட்டா, குற்றவாளி மேலதான் தப்பு, கார் மேல இல்ல. அப்புறம் கியர்பாக்ஸைப் பத்திப் பேசலாம்." மேசை இழுப்பறையிலிருந்து இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு தாளை எடுத்தார். தலைப்பு: தீ வைத்தவர் பற்றிய உரிமையாளரின் வாக்குமூலம். "இங்க வீட்டம்மா பேரு. இங்க உங்க கையெழுத்து. அவ்வளவுதான்."

"அவ பேரை எழுதினா அவளுக்கு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது பாஷா. தீ வைப்போர் பட்டியல்ல சேர்ந்துடுவாங்க. அந்தப் பட்டியலை எல்லா வாரண்டிக் கம்பெனிக்கும் அனுப்பிடுவோம். அதுக்கப்புறம் அவங்க ஏறுற எந்தக் காருக்கும் வாரண்டி கிடையாது. மத்தபடி சுதந்திரமா நடந்து போகலாம்."

கல்ஃபான் தாளை நாலாக மடித்துக் கந்தூரா அங்கியின் பையில் வைத்துக்கொண்டு, மூன்றாவது கியரில் வீடு திரும்பினார். அதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் கந்தூராவைத் துவைக்கப் போடுகிறவள் மௌஸா. மறுநாள் மதியச் சோற்றுக்கு மீனோடு அந்தத் தாளும் வந்தது.

"தீ வைத்தவர்!" என்று படித்தாள் அவள். "பரவாயில்லையே, எனக்கும் ஒரு பட்டம் கிடைச்சிருக்கு. இந்த வீட்டுல பத்தொன்பது வருஷமா தினம் தீ வைக்கிறேன். உங்க அக்கா வந்தா அவ அபாயாவுக்குத் தீ வைக்கிறேன். பெருநாளைக்கு உங்க தலைப்பாகைக்குத் தீ வைக்கிறேன். ஒரு நாளாவது கருகினீங்களா?"

"நான் எழுதலையே, மௌஸா. பாரு, காலியாத்தானே இருக்கு."

"பையில வச்சிருந்தீங்களே."

"கசக்கிப் போட அங்க குப்பைத்தொட்டி இல்ல."

"முப்பத்தோரு மாடிக் கட்டடத்துல?" மீனின் முள்ளை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். மீன் அவள் தட்டிலேயே இருந்தது. "ஒண்ணு கேக்குறேன். எழுதிடலாமான்னு நினைச்சீங்களா, இல்லையா?"

கல்ஃபான் இல்லை என்றுதான் சொன்னார். சொல்வதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. மௌஸா தன் தட்டிலிருந்த மீனை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். அது அவருக்கு எதையும் விடப் பயமாக இருந்தது.

"நாளைக்கு நானும் வரேன்," என்றாள் எழுந்திருக்கும்போது. "தீ வச்சவளை அவங்களும் ஒரு தடவை நேர்ல பார்க்கட்டும்."

அடுத்த நாள் ரஃஅத் இருவரையும் நேராக நிறுவனத்தின் தலைவரிடம் அழைத்துப் போனார். டாக்டர் ஸுரூர் உள்ளூர்க்காரர், பெரிய குடும்பம். வெளிநாட்டில் விலக்கு விதிகளைப் பற்றியே ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். அவர் எழுந்து சலாம் சொன்னபோது அவர் தோள் துண்டிலிருந்து அருமையான அகில் வாசனை வந்தது.

மௌஸா உட்காருவதற்கு முன்பே கேட்டாள். "டாக்டர், உங்க துண்டு எரிஞ்சு போச்சா?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "உம்மு சுஹைல், நல்லாக் கேட்டீங்க! காலையில என் பொண்டாட்டி போட்டுவிட்ட புகை. ஆனா ஒண்ணு கவனிங்க. இந்தத் துண்டுக்கு நான் வாரண்டி குடுக்கல. வாரண்டி குடுக்காத பொருள் மேல எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. வாரண்டி குடுத்துட்டா, பெத்த பிள்ளையா இருந்தாலும் சந்தேகப்படணும். அதுதான் எங்க தொழில் தர்மம்."

"பூ சுஹைல் காசு குடுத்தில்ல வாரண்டியை வாங்கினாரு?"

"அவர் வாங்கினது நிம்மதி. பதினொரு மாசம் நிம்மதியா இருந்தாரா இல்லையா? கேளுங்க. இருந்தாரு. அப்போ நாங்க சரக்கைக் குடுத்துட்டோம். இப்ப கியர்பாக்ஸ் வேற கேட்டா, ஒரே காசுக்கு ரெண்டு சரக்கு கேக்குற மாதிரி ஆகாதா?" டாக்டர் நெஞ்சில் கை வைத்தார். "நான் வாடிக்கையாளரை உயிருக்கு உயிரா நேசிக்கிறவன். எனக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரே ஒரு தடங்கல்தான், அவங்க குடுக்குற விண்ணப்பம். அது இல்லேன்னா எவ்வளவு அன்பா இருக்கலாம்! பதினோரு வருஷத்துல நாங்க ஒரு காரையும் பழுது பார்த்ததில்ல. எங்க வாடிக்கையாளர்களோட கார்லாம் அவ்வளவு தரம்."

கல்ஃபான் மெல்ல, "அது நெருப்பு இல்லைன்னு நிரூபிச்சா?" என்று கேட்டார்.

யாரும் இதுவரை எதையும் நிரூபிக்க முன்வந்ததில்லை. ரஃஅத் புத்தகத்தைப் புரட்டி, நூற்றெழுபதாம் பக்கத்தில் 'செய்முறை விளக்கம்' என்று ஒரு பத்தி இருப்பதைக் கண்டுபிடித்துப் படித்தார். உரிமையாளர் கோரினால், சம்பவத்தை அதே பொருட்களோடு, அதே நபரைக் கொண்டு, நிறுவனத்தின் வளாகத்தில் மறுபடி நடத்திக் காட்ட வேண்டும். டாக்டர் ஸுரூருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எதையும் ஒப்புக்கொள்ளாமல் ஒரு விழா நடத்தலாம்.

வாரண்டி முடிய மூன்று நாள் இருக்கையில் அந்த விளக்கம் கீழ்த்தள ஷோரூமில் நடந்தது. பதினான்கு சொகுசுக் கார்கள் கதவையும் கண்ணாடியையும் திறந்துபோட்டு, துடைக்கப்பட்டு, வரிசையாக நின்றன. மறுநாள் குவைத்திலிருந்து ஒருவர் எல்லாவற்றையும் மொத்தமாக, வாரண்டியோடு வாங்க வருகிறார். சாம்பலை மறுபடி எரிக்க முடியாது என்பதால், பதினைந்தாவதாகச் சோதனைக்கென்று ஒரு வெள்ளைக் கார். ஊழியர்கள் தலைக்கவசம் மாட்டியிருந்தார்கள். ஏழு பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டு, அதில் இரண்டு பேர் நெருப்பணைக்கும் உருளையைப் பிடித்திருந்தார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பிடித்திருந்தார். மற்ற நால்வரும் ஆளுக்கொரு கோப்பைப் பிடித்திருந்தார்கள்.

மௌஸா வந்தாள். தூபக்காலைத் தரையில் வைத்துக் கரியை ஊதினாள்.

"சம்பவத்தன்று பயன்படுத்திய அதே கட்டைதானா?" என்று கோப்புக்காரர் ஒருவர் கேட்டார்.

"அதே கட்டை எரிஞ்சு போச்சுல்ல, தம்பி. இது அதோட தங்கச்சி."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வெள்ளைக் காருக்குள் தூபக்காலை வைத்துக் கதவைச் சாத்தினாள். பதினாலு நிமிடம் ஆனது. "திறக்கலாம்" என்று கடிகாரக்காரர் கையைத் தூக்கினார். மௌஸா கதவைத் திறந்தாள். வாசனை எழுந்து நடந்து வந்தது.

முதலில் உருளைக்காரர் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். காருக்கு அருகில் போய்ச் சட்டைக் கழுத்தைப் பிரித்து உள்ளே புகையை அள்ளிவிட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் கோப்புக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ரஃஅத் கோட்டைக் கழற்றிப் புகையில் காட்டினார். டாக்டர் ஸுரூர் துண்டின் நுனியை முகத்தோடு சேர்த்துப் பிடித்து மூச்சை இழுத்தார்.

"மாஷா அல்லாஹ், உம்மு சுஹைல். எந்தக் கடை?"

"கடையா? என் அண்ணன் கொண்டு வந்தது. வேணும்னா கொஞ்சம் தரேன்."

"இந்தப் பக்கம் கொஞ்சம் கொண்டாங்க, அம்மா. அந்தக் கறுப்புக் கார் பக்கம். நாளைக்குக் குவைத்துக்காரர் வர்றாரு, வாசமா இருக்கட்டும்," என்றார் டாக்டர்.

மௌஸா தூபக்காலைத் தூக்கிக்கொண்டு கார் காராக நடந்தாள். திறந்த கதவுக்குள் ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று. டாக்டரே முன்னால் நடந்து கதவுகளை அகலமாகத் திறந்துவிட்டார். வாசனை நிற்கட்டும் என்று கண்ணாடிகளை ஏற்றிவிடச் சொன்னதும் அவர்தான். பிறகு எல்லாரும் காபி குடித்தார்கள். பேச்சு சுவாரசியமாக இருந்ததால் அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

பதினான்கு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீச் கீச்சென்று கத்தின.

ரஃஅத் கையிலிருந்த கணினியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "டாக்டர்... எல்லாம் எரிஞ்சு போச்சு."

"எது?"

"பதினாலும். வெள்ளைக் காரோட பதினஞ்சு. முழு நாசம். சாம்பல்." அவர் டாக்டரின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பழக்கதோஷம். "அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைக் குடுக்கட்டும்."

"நாளைக்குக் குவைத்துக்காரர் வர்றாருய்யா! சாம்பலுக்கு எப்படி வாரண்டி எழுதுவேன்?"

"எழுத முடியாது, டாக்டர். நம்ம விதி."

டாக்டர் ஸுரூர் ஷோரூமின் நடுவில் நின்று ஒரு சொற்பொழிவு ஆற்றினார். நம் முன்னோர் விருந்தாளியைப் புகையால் வரவேற்றார்கள் என்றார். கேவலம் ஒரு கணினி, நம் பண்பாட்டை நெருப்பு என்று அவமதிப்பதா என்று கேட்டார். "இது தீ இல்ல! இது உபசரிப்பு! ரஃஅத், புதுசா ஒரு வகை சேரு. உபசரிப்புன்னு. இந்த மாதிரிப் புகை எங்க எங்க பதிவாகியிருக்கோ, அத்தனையையும் அதுக்கு மாத்து. இப்பவே!"

ரஃஅத் தட்டினார். பதினைந்து சாம்பல்களும் உயிர்பெற்றுக் கார்களாயின. கூடவே பதினாறாவதாக ஒன்றும் உயிர்பெற்றது.

"பாஷா," என்றார் ரஃஅத் தயங்கி, "உங்க காரும் பிழைச்சுடுச்சு."

குழு அங்கேயே தரையில் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் தேடியது. வெயில்? கியர் பழுதான அன்று ராஸ் அல் கைமாவில் முப்பத்தேழு டிகிரி. நகராட்சி ஊழியரான கல்ஃபான் வானிலைச் சீட்டைக் கையோடு கொண்டு வந்திருந்தார். மணல்? அன்று காற்றே இல்லை. கடல்? வீடு மலையடிவாரத்தில். நிராகரிக்கக் காரணமே கிடைக்கவில்லை. ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னொருவர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தேடினார்.

"அப்போ," என்றார் டாக்டர், புத்தகத்தை மூடிவிட்டு, "ஒத்துக்கணும்."

எப்படி ஒப்புக்கொள்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நிறுவனத்தில் நாற்பத்து மூன்று முத்திரைகள் இருந்தன, அத்தனையும் மறுப்பதற்கு. கடைசியில் 'ஏற்கத்தக்கது அல்ல' என்ற முத்திரையை எடுத்து ரஃஅத் பிளேடால் 'அல்ல'வைச் செதுக்கி எடுத்தார். பழக்கமில்லாத வேலை, விரலில் வெட்டிக்கொண்டார். முத்திரை விழுந்தபோது ஊழியர்கள் கை தட்டினார்கள். கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண்மணி அழுதுவிட்டார். டாக்டர் கல்ஃபானையும் மௌஸாவையும் இரு பக்கமும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் கடிதத்தை வாங்கப் போனபோது அது அலுவலகச் சுவரில் இருந்தது.

ஒரு மீட்டர் அகலத் தங்கச் சட்டம், மேலே ஒரு விளக்கு, கீழே 'நாங்கள் விழித்திருக்கிறோம்' என்ற பலகை. குவைத்துக்காரர் அதைப் பார்த்த பிறகுதான் பதினான்கு காருக்கும் கையெழுத்துப் போட்டாராம்.

"டாக்டர், அது எனக்குக் குடுத்த கடிதம். அசலைக் காட்டாம கராஜ்ல கியர்பாக்ஸைத் தொட மாட்டேங்குறாங்க. நகல் செல்லாதாம். நீங்க போட்ட விதி."

"அருமையான விதி. மோசடியைத் தடுக்கும்."

"அப்போ அசலைக் குடுங்க. நாளையோட வாரண்டி முடியுது."

"பூ சுஹைல்," என்று டாக்டர் அவர் தோளில் கை போட்டார், "அது உங்களுக்குக் குடுத்த கடிதம் இல்ல. உங்களைப் பத்தின கடிதம். பதினோரு வருஷத்துல எங்க கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். அதைக் குடுத்துட்டா, நாங்க ஒத்துக்குவோம்கறதுக்கு என்ன அத்தாட்சி? காலையில ஒன்பதுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் வந்து எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க. மெக்கானிக்கையும் கூட்டிட்டு வாங்க, காபி உண்டு."

கல்ஃபான் மெக்கானிக்கைக் கூப்பிட்டும் பார்த்தார். சுவரைப் பார்த்து கியர்பாக்ஸ் மாட்டப் பழக்கமில்லை என்று அந்த ஆள் போனை வைத்துவிட்டான்.

கடைசி நாள் காலை ஒன்பது மணிக்கு இருவரும் பார்வையாளர்களாக வந்தார்கள். மௌஸா ஒரு பொட்டலம் அகில் கட்டையோடு டாக்டரின் அறைக்குள் போய், எது அசல், எது கலப்படம், கரி எவ்வளவு சிவக்க வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தாள். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்ஃபான் சுவரருகே ஒரு நாற்காலியைப் போட்டு ஏறினார். சட்டத்தைக் கழற்றினார். எதிர்பார்த்ததை விடக் கனம். வாசல் காவலாளி ஓடி வந்தான்.

"யாரு சொல்லி எடுக்குறீங்க, சார்?"

"யாரும் சொல்லல. நானேதான் எடுக்குறேன். பேரு கல்ஃபான். அப்பா பேரு ஸைஃப். பேரீச்சை மர ஆய்வாளர், ராஸ் அல் கைமா நகராட்சி. எழுதிக்கோ. வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல."

சொல்வதற்கு அவருக்கு ஒரு வினாடி கூட ஆகவில்லை. அந்த நேரம் பார்த்து அறைக் கதவைத் திறந்து வெளியே வந்த மௌஸா அதைக் கேட்டாள். காவலாளி, எழுதுவதற்குப் பேனா இல்லாததால், சட்டத்தின் மறுமுனையைப் பிடித்து லிஃப்ட் வரை தூக்கி வந்தான்.

இரண்டு இருக்கைக் காரில் தங்கச் சட்டம் கொள்ளவில்லை. மௌஸாவின் மடியில் நிறுத்தி, பாதியை ஜன்னலுக்கு வெளியே விட்டு, மூன்றாவது கியரில் உதறிக்கொண்டு கராஜுக்குப் போனார்கள். கடிதத்துக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"பூ சுஹைல், அந்த இளஞ்சிவப்புத் தாளை நேத்தே கிழிச்சுட்டேன்."

"எந்தத் தாளு?" என்றார் கல்ஃபான்.

"அப்படி வாங்க வழிக்கு."

மெக்கானிக் சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, தூர நின்று படித்தான். முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். தேதி சரி. கார் மேலே ஏறியது.

அன்று மதியம் ரஃஅத்திடமிருந்து போன் வந்தது. குரலில் கிலி இருந்தது.

"பாஷா, சுவர்ல சட்டம் இல்லேன்னு டாக்டர் தவிச்சுப் போயிட்டாரு. அந்தச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நம்ம கம்பெனி வாரண்டியே போட்டிருந்தோம். அதனால டாக்டரே தன் கையால விண்ணப்பம் எழுதி, என் மேசைக்கு அனுப்பினாரு."

"ஐயையோ. நீங்க என்ன பண்ணினீங்க?"

"பதினோரு வருஷ வழக்கம், பாஷா. கை தானாப் போயிடுச்சு. சுவர்ல மாட்டினது, வளாகத்தை விட்டு நகர்ந்தது, விருந்தாளி கையால எடுக்கப்பட்டது. மூணு காரணம் போட்டு நிராகரிச்சுட்டேன். முத்திரை குத்தின அப்புறம்தான் கையெழுத்து யாருதுன்னே பார்த்தேன்."

"வேலை போயிடுச்சா?"

போனில் அந்தப் பக்கம் டொக்கென்று ஒரு முத்திரை விழும் சத்தம் கேட்டது.

"டாக்டர் அதை மூணு தடவை படிச்சாரு. அப்புறம் என்னைக் கட்டிப் பிடிச்சு ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்தாரு. இன்னையிலேர்ந்து நான் துணைத் தலைவர், பாஷா."